மூக்கில் விழுந்த மடிப்பு

அந்தப் பெண்ணின் மூக்கை முதலில் மடித்தவள் மிளகாய்தான். அட்டைப்பெட்டிப் பட்டறையில் அவளுக்கு அதுதான் வேலை. அளவாக வெட்டி, மடிப்புக் கோடு பதித்து வரும் அட்டையை எடுத்து நாலு பக்கமும் மடிக்க வேண்டும், ஓரங்களைச் செருக வேண்டும், பசை தடவி அடுக்க வேண்டும். அன்று வந்த அட்டையில் வழக்கமான பூவும் கொடியும் இல்லை. ஒரு பெண்ணின் முகம் இருந்தது. அச்சடிக்கக் கொடுத்த புண்ணியவான், முகம் எவ்வளவு பெரிதாகத் தெரியவேண்டும் என்பதை மட்டும் யோசித்திருந்தார். பெட்டி என்றால் மடியும் என்பதை யோசிக்கவில்லை. கோடு சரியாக மூக்கின் நடுவே ஓடியது. மடித்து நிறுத்தினால் ஒரு கண் மூடியிலும் இன்னொரு கண் பக்கவாட்டிலும் போய் உட்கார்ந்தது.

பக்கத்தில் இருந்த நெட்டச்சி உச்சுக்கொட்டினாள். கையும் காலும் நீளநீளமாக வளர்ந்துவிட்ட பெண் அவள். உட்கார்ந்தால் முழங்கை எப்போதும் அடுத்தவர் இடத்தில்தான் இருக்கும். மிளகாய்க்கு இரக்கமெல்லாம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி மடித்தாள்.

முகத்துக்குச் சொந்தக்காரி யார் என்று எல்லாருக்கும் தெரியும். பெண் குழந்தைகள் படிக்கவேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவள். வயது பதினேழோ பதினெட்டோ. பத்திரிகையில் படம் வரும், யாராவது பெரிய மனிதர் சால்வை போர்த்துவார், இவள் கைகூப்பிச் சிரிப்பாள். மிளகாய் அவளுக்குப் ‘பேச்சுக்காரி’ என்று பெயர் வைத்திருந்தாள். காரில் வந்து இறங்கி, படி படி என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போவதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டு உலகத்தில் ஒருத்தி பிழைக்க முடிகிறதே என்று அவளுக்கு எரிச்சல். மிளகாய் என்ற பெயரும் அவளுக்குச் சும்மா வரவில்லை.

பட்டறை இருந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு மதில், மதிலில் தகரம் அடித்த ஒரு சின்னக் கதவு. இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவர்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் தாளாளர். இந்தப் பக்கம் முதலாளி. அங்கே போகும்போது சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொள்வார், இங்கே வரும்போது சுருட்டி ஏற்றிக்கொள்வார். பள்ளிக்கூடத்தின் முன்வாசலில் நுழைந்த பெண்களில் பலர் எட்டாவது ஒன்பதாவது வந்ததும் காணாமல் போவார்கள். எங்கேயும் தொலைந்து போவதில்லை. அந்தத் தகரக் கதவு வழியாக வந்து பசைத் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் கஷ்டம் என்று அழுதுகொண்டு வரும் பெற்றோரிடம் தாளாளர் மிகவும் இரக்கமாகப் பேசுவார். பிறகு முதலாளியாக மாறி வேலை கொடுப்பார். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று அவர் மனதார நம்பினார். அவருடைய மனசு அவருக்கு எப்போதும் ஒத்தாசையாக இருந்தது.

மிளகாய் வந்தது பத்தாவதில் பாதியில். ஓட்டலில் பாத்திரம் கழுவும் அம்மா படியில் விழுந்து கால் முறிந்து படுத்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. அம்மா எழுந்து நடக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கப் போனாள். அன்று அவர் பட்டறையில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இருந்தார். கேட்டதும் சிரித்தார்.

“பெட்டி மடிக்க எதுக்கும்மா பத்தாவது? உனக்குக் கை நல்லா ஓடுது. அத விட்டுடாத.”

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே அவளுக்கு இளக்காரம். டீச்சர்களின் நடையைப் பழித்துக் காட்டுவாள். பரீட்சை முடிவு வந்த நாளில், தேறியவர்களுக்கு ஒரு பெட்டி இலவசம் என்று சொல்லிப் பட்டறையையே சிரிக்கவைப்பாள். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தால் அவள் கை ஒரு நொடி நின்றுவிடும். இது அவளுக்கே பிடிக்காது. பத்தாவது பரீட்சை எழுதிவிட வேண்டும் என்ற ஆசை அவளை விட்டுத் தொலையாமல் உள்ளே கிடந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று அவளே முந்திக்கொண்டு சிரித்து வைப்பாள்.

பேச்சுக்காரியைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்கத் தாளாளர் யார் யார் காலையோ பிடித்தார். அப்போதுதான் பள்ளி திறந்திருந்த சமயம், புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை முடியவில்லை. இப்படி ஒருத்தி வந்து நின்றால் கூட்டம் தானாக வரும் என்பது கணக்கு. அவளை அழைத்து வருபவர்கள் கேட்டதும் சின்னதுதான். மேடையெல்லாம் வேண்டாம், பத்தாம் வகுப்புப் பெண்களோடு வகுப்பறையிலேயே உட்கார்ந்து பேசட்டும் என்றார்கள். தாளாளர் பெருமையோடு தலையாட்டிவிட்டு வந்து பார்த்தால், பத்தாம் வகுப்பில் பெண்கள் பெஞ்சு மூன்றுதான் நிறைந்திருந்தது. மற்றதெல்லாம் மதிலுக்குப் பின்னால் பசை தடவிக்கொண்டிருந்தது.

அதனால் விழா நாள் காலையில் தலைமையாசிரியை, எல்லாரும் பெரிய டீச்சர் என்று அழைக்கும் அம்மாள், தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். பசை வாடைக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, பார்க்க லட்சணமாக இருந்த பெண்களாகப் பொறுக்கினார். நெட்டச்சியை முதலில் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஆள் போதாமல் பிறகு சேர்த்துக்கொண்டார். பண்டசாலை அறையில் சீருடைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சுவரோடு ஒட்டி நின்று போட்டுக்கொண்டார்கள். விழா முடிந்ததும் கழற்றி மடித்து அதே இடத்தில் வைத்துவிட வேண்டும், அழுக்காக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, யாராவது ஏதாவது கேட்டால் நன்றாகப் படிக்கிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று பெரிய டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். அரைநாள் கூலி பிடிக்க மாட்டார்களாம். அதை ஒரு பரிசு மாதிரிச் சொன்னார்.

மிளகாய் சீருடையைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

விழா, எல்லா விழாவும் நடப்பது போலத்தான் நடந்தது. தாளாளர் பேசினார். இந்த இளம் பெண்ணைப் பார்த்து நான் உத்வேகம் பெற்றேன் என்றார். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை என்றார். ஒரு பெண் பிள்ளை படிப்பை நிறுத்தினால் என் வயிறு எரிகிறது என்றார். அவர் வயிறு சட்டைப் பொத்தானை எவ்வளவு இழுத்துப் பிடித்திருக்கிறது என்று மிளகாய் கவனித்துக்கொண்டிருந்தாள். உத்வேகம் என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று விரல் விட்டு எண்ணியவள் விரல் போதாமல் விட்டுவிட்டாள். பெரிய டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதே கைக்குட்டையால்.

பிறகு பேச்சுக்காரி எழுந்தாள். பெட்டியில் இருந்த முகத்தைவிடச் சின்ன முகம், செருப்பு கடித்த குதிகாலில் ஒரு பிளாஸ்திரி. கல்வி விளக்கு, ஒளி, சிறகு, வானம் என்று ஒப்பித்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று எல்லாம் பழக்கமாகியிருந்தது. கைதட்டலுக்கு இடம்விட்டு நின்றாள், கைதட்டினார்கள், மேலே போனாள். மிளகாய்க்கு அலட்சியம் பொங்கியது. இதற்குத்தானா இத்தனை மூக்கு மடித்தேன் என்று நினைத்தாள்.

பேச்சு முடிந்து பலகாரப் பெட்டிகள் வந்தன. அழைத்து வந்தவர்களும் தாளாளரும் வாசலில் நின்று படம் எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பேச்சுக்காரி வலிக்கும் காலோடு பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அது மிளகாயின் பெஞ்சு. அவளுக்குக் கொடுத்த பெட்டி ஓரம் பிரிந்து கேக்குத் துண்டு வெளியே எட்டிப் பார்த்தது. மிளகாய் ஒன்றும் யோசிக்கவில்லை. பெட்டியை வாங்கினாள், ஒரு தட்டு, ஒரு செருகல், மூடித் திருப்பிக் கொடுத்தாள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

பேச்சுக்காரி பெட்டியைப் பார்க்கவில்லை. மிளகாயின் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் காய்ந்து வெளுத்த பசை. பிறகு நெட்டச்சியின் விரல்களைப் பார்த்தாள். பின்னால் இருந்தவர்களின் விரல்களைப் பார்த்தாள்.

“இந்தப் பெட்டியெல்லாம் நீங்கதான் பண்றீங்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

நன்றாகப் படிக்கிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். மிளகாய்க்கு அந்த வாய் கிடையாது. “ஆமா. உன் மூக்க மடிச்சது நான்தான்” என்றாள்.

பேச்சுக்காரி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது போலிருக்கிறது. ஒரு கண் மேலே, ஒரு கண் பக்கவாட்டில். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேடைச் சிரிப்பு இல்லை, மூக்கால் வரும் அசிங்கமான சிரிப்பு. மிளகாயும் சிரித்துவிட்டாள். நெட்டச்சி என்ன என்று பார்க்க நடுவே முழங்கையை ஊன்றிக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்துப் படம் எடுப்பவர் வாசலிலிருந்து எடுத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் பேச்சுக்காரியின் முகம் மாறியது. எழுந்து எல்லார் முன்னாலும் இதைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே பாதி எழுந்துவிட்டாள். மிளகாய் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“சொல்லிட்டு நீ கார்ல போயிடுவ. நாளைக்கு எங்களுக்கு அந்த வேலையும் இருக்காது.”

பேச்சுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது. பாவப்படுவது மிளகாய்க்குப் பழக்கமில்லாத வேலை, அதனால் இன்னும் கொஞ்சம் குத்தினாள். இவ்வளவு நேரம் பேசினாயே, அதை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டாள். கூட வரும் ஒரு அக்கா எழுதிக் கொடுப்பார், எல்லா ஊரிலும் அதுதான் என்று அவள் மறைக்காமல் சொன்னாள்.

“அப்ப நெஜமா நீ என்னதான் பண்ண?”

“பெருசா ஒண்ணும் பண்ணல. என் பேர ஸ்கூல்ல அடிச்சிட்டாங்க. நான் போய் கிளாஸ்ல உக்காந்தேன். எழுந்து போன்னு சொன்னாங்க. எழுந்திருக்கல.”

“அடிச்சாங்களா?”

“ஒரு தடவ. அழுதேன். அழுதுக்கிட்டே உக்காந்திருந்தேன். மறுநாளும் போனேன். அவ்ளோதான். விளக்கு, சிறகு எல்லாம் அந்த அக்கா சேத்தது.”

அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். மிளகாய் பண்டசாலை அறையில் சீருடையைக் கழற்றி, சொன்னபடி மடித்து வைத்துவிட்டு, தகரக் கதவு வழியாக வந்து பசைத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அன்று முழுக்க யாரையும் பழித்துக் காட்டவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று நெட்டச்சி இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். முடியாமல் செய்தது தாளாளரின் ஆசை. நாலு நாள் கழித்து முன்வாசலில் மாடி உயரத்துக்கு ஒரு போர்டு ஏறியது. எடுத்த படங்களிலெல்லாம் தாளாளர் பேச்சுக்காரியின் பக்கத்தில் விறைத்துக்கொண்டு நின்றார். அவற்றில் ஒன்றில்கூட அவள் சிரிக்கவில்லை. இரண்டு பெண்களும் வாய்விட்டுச் சிரிக்கும் படம்தான் ஆளைச் சுண்டி இழுத்தது. ஆகவே அதையே போட்டு, தன் முகத்தை ஒரு மூலையில் வட்டமாகச் சேர்த்துக்கொண்டு, கீழே ‘கல்விப் போராளியுடன் எங்கள் பத்தாம் வகுப்பு மாணவி’ என்று எழுதவைத்தார். அந்தச் சிரிக்கிற பெண் யார் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தினமும் அவளைத் தாண்டித்தான் போவார் வருவார். பசைத் தட்டின் முன்னால் குனிந்திருக்கும் தலைகளில் எது எது என்று அவர் பார்த்ததே இல்லை.

அம்மா ஓட்டலுக்குப் போகும் வழியில் அதைப் பார்த்தாள். மிளகாய் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். தெருவில் நாலு பேர் நிறுத்தி, மகள் திரும்பப் படிக்கிறாளாமே என்று கேட்டார்களாம். அம்மாவும் ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம். சொல்லும்போதே அம்மாவுக்கு அழுகை வந்தது.

“அம்மா, நாளைக்கு நான் முன்வாசல் வழியாப் போகப் போறேன்” என்றாள் மிளகாய்.

அம்மாவுக்குப் புரிந்தது. வேலையும் போய்விடும், அவர்கள் சேர்க்கவும் மாட்டார்கள், இரண்டும் இல்லாமல் நிற்போம் என்றாள். ஒரு சம்பளத்தில் வீடு நடக்காது என்றாள். எல்லாம் நியாயமான பேச்சுத்தான். மிளகாய் நகத்திலிருந்த பசையை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அம்மா எழுந்து, மகளுடைய துணிகளில் கிழியாத ஒன்றைத் தேடி எடுத்துத் துவைக்கப் போட்டாள்.

மறுநாள் அவள் வகுப்பறையில் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். சீருடை இல்லை, புத்தகம் இல்லை. கை மட்டும் சுத்தமாக இருந்தது. வாசல் காவல்காரர் போர்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டிருந்தார். பெரிய டீச்சர் வந்து, இது என்ன கூத்து, எழுந்து போ என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தார். பெஞ்சுக் காலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். பயத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது. அழுதுகொண்டேகூட உட்காரலாம் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதனால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தாளாளர் வந்தார். அவசரத்தில் ஒரு சட்டைக் கை சுருட்டியும் இன்னொன்று இறங்கியும் இருந்தது. வகுப்பறைக்கு வெளியே வராந்தாவில், பிள்ளைகளைச் சேர்க்க வந்த அப்பா அம்மாக்கள் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார்கள். ஜன்னல் திறந்திருந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“யாரக் கேட்டு உள்ள வந்த?”

“நீங்கதான் சார் வாசல்ல எழுதியிருக்கீங்க. எங்கள் மாணவின்னு.”

அவர் அப்போதுதான் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். “அது சும்மா ஒரு படம்மா” என்றார்.

“அப்ப சும்மா படம்னு அதுலயே எழுதிடுங்க சார். நான் போயிடறேன்.”

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. வரிசையில் நின்ற ஒரு அப்பா ஜன்னலில் தலையை நீட்டினார். பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். போர்டில் இருக்கும் பெண் இதோ இருக்கிறாள் என்று தன் மகளைத் தூக்கிக் காட்டினார். பிறகு மிளகாயிடமே, இங்கே நல்லா சொல்லித்தருவாங்களா என்று கேட்டார். வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது.

மிளகாய் தாளாளரைப் பார்த்தாள். அவருடைய ஒரு கண் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தது, இன்னொரு கண் அவளைக் கெஞ்சியது. இந்த முகத்தைத்தான் இத்தனை நாள் முதலாளி என்று நினைத்துப் பயந்தோமா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“நல்லா சொல்லிக்குடுப்பாங்கன்னுதான் நானும் வந்திருக்கேன்” என்றாள்.

தாளாளர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கும்படி, படிக்க வருகிற பிள்ளையை நான் என்றைக்கு வேண்டாம் என்றேன் என்றார். பெயரைச் சேர்த்து, புத்தகமும் சீருடையும் எடுத்துக் கொடுக்கும்படி பெரிய டீச்சரிடம் சொன்னார். பெரிய டீச்சர் இப்போதும் கைக்குட்டையைத்தான் தேடினார்.

அவர் தப்பித்தோம் என்று திரும்பியபோது வகுப்பறை வாசலை அடைத்துக்கொண்டு நெட்டச்சி நின்றாள். தகரக் கதவு வழியாக ஓடி வந்திருந்தாள். கையெல்லாம் ஈரப் பசை, மூச்சு வாங்கியது. உனக்கென்ன இங்கே வேலை, உன் முகம் அந்தப் போர்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

நெட்டச்சி முழங்கையை மடித்து அவருக்குத் தூக்கிக் காட்டினாள்.

“நடுவுல ஊனியிருக்கே சார், அது என்னுது.”